பில்லிங் மென்பொருளுக்குள் ஏஜிபிஎல் லைப்ரரி: என் கோட் முழுவதையும் கொடுத்துவிட வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆறு பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம் அவருடையது. பனியன் கம்பெனிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருளை ஜாவாவில் எழுதி, ஒரு கடைக்கு 18,000 ரூபாய் என நான்கு ஆண்டுகளாக விற்கிறார். இதுவரை சுமார் 140 இடங்களில் ஓடுகிறது. இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனம் பெரிய ஆர்டர் கொடுக்க முன்வந்து, கையெழுத்துக்கு முன் இரண்டு தாள்களைக் கேட்டிருக்கிறது. ஒன்று, மென்பொருளில் உள்ள வெளியார் கோட் அனைத்தின் பட்டியல். மற்றொன்று, "இதில் ஓப்பன் சோர்ஸ் எதுவும் இல்லை, உரிமை கோரி யாராவது வந்தால் முழு இழப்பையும் நாங்களே ஏற்கிறோம்" என்ற உறுதிமொழி. (ஓப்பன் சோர்ஸ் என்பது, நிரலாளர் எழுதிய மூல வடிவமான சோர்ஸ் கோடையும் சேர்த்து, சில நிபந்தனைகளுடன் யாரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட மென்பொருள்.)

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பில்லை பிடிஎஃப் ஆக்க ஐடெக்ஸ்ட் 5 லைப்ரரி (பிறர் எழுதி வைத்த ஆயத்த கோட் தொகுப்பு; இது வருவது ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில், அதை உள்ளே வைத்துப் பிரதி கொடுத்தால் முழு சோர்ஸையும் தரச் சொல்லும் உரிமம் அது), தரவுத்தளத்துடன் பேச மைசீக்வெல் கனெக்டர், பார்கோடுக்கு ஸீக்ராஸிங், எக்ஸெல் கோப்புக்கு அப்பாச்சி பிஓஐ, தொகையை எழுத்தால் எழுத, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எடுத்த ஒரு சிறு ஃபங்ஷன். பிடிஎஃப் பகுதியை எழுதியவர் ஒரு ஃப்ரீலான்சர். பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. "இலவசமாக இணையத்தில் கிடைத்ததுதானே? நாங்கள் அந்த லைப்ரரியில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஏஜிபிஎல் என்பது வெப்சைட் நடத்துபவர்களுக்குத்தான் என்கிறார்கள். நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. இருந்தும் என் கோட் முழுவதையும் ஊருக்குக் கொடுக்க வேண்டி வருமா? பிடிஎஃப் கோப்பில் வரும் அந்தப் பெயரை மட்டும் அழித்துவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் தெரியும் பெரிய பயத்திற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏஜிபிஎல் லைப்ரரி ஒன்று உள்ளே இருப்பதாலேயே உங்கள் நான்கு ஆண்டு உழைப்பு தானாகப் பொதுச் சொத்தாகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 55-ஆம் பிரிவு, உரிமை மீறப்பட்டவருக்குத் தடையாணை, நஷ்டஈடு, லாபக் கணக்கு ஆகியவற்றைத் தருகிறது. சோர்ஸ் கோடைக் கொடுப்பது உரிமத்தைப் பின்பற்றும் வழி. அந்த வழியில் போவதா, வேறு வழியில் போவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். ஆனால் எதையும் தீர்மானிக்காமல், இன்று இருக்கும் வடிவத்திலேயே 141-ஆவது பிரதியை விற்க உங்களுக்கு உரிமை இல்லை.

கையெழுத்துப் போடவில்லை என்பது உங்களுக்குச் சாதகமான வாதம் என்று நினைக்கிறீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். கணினி நிரல் நம் சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு'. அதைப் படியெடுக்கவும் பிரதிகளை விற்கவும் 14-ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டுமே உரிமை தருகிறது. நீங்கள் ஐடெக்ஸ்ட்டின் ஜார் கோப்பை (ஜாவா லைப்ரரி வரும் தொகுப்புக் கோப்பு) உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்து 140 பேருக்கு விற்றிருக்கிறீர்கள். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே அனுமதி அந்த உரிமம்தான். ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 9-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது: நிரலை வைத்திருக்கவும் ஓட்டவும் உரிமத்தை ஏற்க வேண்டியதில்லை, ஆனால் பிரதி கொடுக்கவும் மாற்றவும் வேறு எதுவும் உங்களுக்கு அனுமதி தரவில்லை. உரிமம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், அனுமதியே இல்லாமல் விற்றதாக ஆகும். உரிமையாளர் பெல்ஜியத்தில் இருக்கிறார் என்பதும் உதவாது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளின் படைப்புகளுக்கு இந்தியாவில் பாதுகாப்பு உண்டு.

"ஏஜிபிஎல் வெப்சைட்டுக்கு மட்டும்" என்பது பல டெவலப்பர்கள் நம்பும் ஒரு தவறு. ஏஜிபிஎல்லுக்கு அடிப்படையான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் உள்ளவை ஏறக்குறைய அப்படியே ஏஜிபிஎல்லிலும் உண்டு. 2007 நவம்பரில் வந்தபோது அதில் கூடுதலாகச் சேர்ந்தது 13-ஆம் பிரிவு. நிரலை மாற்றி நெட்வொர்க் வழியாகப் பிறருக்குப் பயன்படக் கொடுத்தால் அவர்களுக்கும் சோர்ஸ் தர வேண்டும் என்பது அது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுப்பது பழைய ஜிபிஎல் காலத்திலிருந்தே 'பிரதி கொடுப்பது'தான். அதற்கு 4 முதல் 6 வரையிலான பிரிவுகள் பொருந்தும். மாற்றாமல் கொடுத்தாலும் பொருந்தும். மாற்றவில்லை என்பதால் தப்புவது 13-ஆம் பிரிவிலிருந்து மட்டுமே.

பெயரை அழிப்பது பற்றி. உங்கள் மென்பொருள் போட்ட ஏதாவது ஒரு பில்லை அக்ரோபேட் ரீடரில் திறந்து, கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். 'பிடிஎஃப் ப்ரொட்யூசர்' என்ற வரியில் ஐடெக்ஸ்ட்டின் பெயரும், பதிப்பு எண்ணும், உரிமையாளர் பெயரும், அடைப்புக்குறிக்குள் 'ஏஜிபிஎல்-வெர்ஷன்' என்பதும் இருக்கும். அந்த வரியை நீக்கக் கூடாது என்பது ஏஜிபிஎல் 7(பி) பிரிவின்படி ஐடெக்ஸ்ட் சேர்த்திருக்கும் கூடுதல் நிபந்தனை. 140 கடைகளிலிருந்து வாடிக்கையாளர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் மின்னஞ்சலில் போகும் ஒவ்வொரு பில்லும் அந்த வரியைச் சுமந்துகொண்டு போகிறது. உங்கள் கோடை எவ்வளவு குழப்பி மறைத்தாலும் இது மறையாது. அழித்தால் உரிமத்தின் இன்னொரு நிபந்தனையையும் மீறுகிறீர்கள். அதோடு, உரிமை குறித்த தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு நம் சட்டத்தின் 65பி பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. அந்தக் குற்றச்சாட்டுக்கும் நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

63-ஆம் பிரிவையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் 'தெரிந்தே' என்ற சொல்தான் முக்கியம். நேற்று வரை நீங்கள் அறியாமல் செய்தீர்கள் என்று சொல்ல இடமிருக்கிறது. பட்டியல் போட்ட நாளிலிருந்து அது இல்லை. ஆகவே இன்றே செய்ய வேண்டியது: புதிய விற்பனையை நிறுத்துங்கள், டவுன்லோட் லிங்க்கை எடுங்கள், டீலர்களிடம் உள்ள பென்டிரைவ்களைத் திரும்ப வாங்குங்கள்.

உங்கள் முன் உள்ள மூன்று வழிகள்

முதல் வழி, உரிமத்தை முழுமையாகப் பின்பற்றுவது. உங்கள் மென்பொருளையும் ஏஜிபிஎல்லில் வெளியிட்டு, வாங்கும் ஒவ்வொருவருக்கும் முழு சோர்ஸையும், அதைத் தொகுக்கத் தேவையான பில்ட் ஸ்கிரிப்டுகளையும் தருவது. உலகம் முழுவதற்கும் போட வேண்டியதில்லை, பிரதி வாங்கியவருக்குத் தந்தால் போதும். 18,000 ரூபாய் விலையும் வைக்கலாம், உரிமம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் அதைப் பக்கத்துக் கடைக்கு இலவசமாகக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. சேவை, பராமரிப்பு, பயிற்சியில் சம்பாதிக்கும் நிறுவனங்களுக்கு இது நல்ல வழி. பிரதி விற்றுப் பிழைக்கும் உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, வணிக உரிமம் வாங்குவது. ஐடெக்ஸ்ட் உரிமையாளர் அதே கோடைப் பணத்திற்கும் தருகிறார். இதைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பந்தத்தில், கடந்த நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்கும் சேர்த்து உரிமை கோர மாட்டோம் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் பணம் கட்டினால் நாளை முதல்தான் பாதுகாப்பு. பழைய 140 பிரதிகள் அப்படியே நிற்கும்.

இப்படி ஓப்பன் சோர்ஸாகவும் பணத்திற்கும் என இரட்டை உரிமம் வைத்திருக்கும் உரிமையாளரிடம் மாட்டுவது மற்றவர்களிடம் மாட்டுவதைவிடச் சிக்கல். அவரிடம் விலைப்பட்டியல் இருக்கிறது, நஷ்டத்தைக் கணக்குப் போட நீதிமன்றத்திற்கு அது கையில் கிடைத்த அளவுகோல். கோஸ்ட்ஸ்கிரிப்ட் லைப்ரரியின் உரிமையாளரான ஆர்டிஃபெக்ஸ், தென்கொரியாவின் ஹான்காம் மீது தொடர்ந்த வழக்கில், அதைத் தள்ளுபடி செய்யச் சொன்ன ஹான்காமின் மனுவை 2017-இல் கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை, பின்னர் சமரசமானது. ஜிபிஎல்லிலும் பணத்திற்கும் கிடைத்த லாஸோ லைப்ரரியை முறையின்றிப் பயன்படுத்தியதற்காக பிரான்சின் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்சு 8 லட்சம் யூரோ அளவுக்குக் கொடுக்க வேண்டும் என 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது வழி லைப்ரரியையே மாற்றுவது. உங்கள் அளவு நிறுவனத்திற்கு நான் சொல்வது இதைத்தான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஓப்பன்பிடிஎஃப் என்றொரு லைப்ரரி இருக்கிறது. ஐடெக்ஸ்ட் ஏஜிபிஎல்லுக்கு மாறுவதற்கு முந்தைய கோடிலிருந்து கிளைத்தது. எல்ஜிபிஎல் 2.1 (ஜிபிஎல்லைவிடத் தளர்வான உரிமம்), எம்பிஎல் 2.0 (மொஸில்லா உரிமம்) இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எம்பிஎல்லைத் தேர்ந்தெடுங்கள். அதில் கடமை கோப்பு அளவோடு நின்றுவிடுகிறது. அவர்கள் கோப்புகளில் நீங்கள் எதையாவது மாற்றினால் அந்தக் கோப்புகளின் சோர்ஸை மட்டும் தர வேண்டும். லைப்ரரியின் சோர்ஸ் எங்கே கிடைக்கும் என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அது வராது.

ஐடெக்ஸ்ட் 5-இலிருந்து மாறும்போது இம்போர்ட் வரிகளை மட்டும் மாற்றினால் முடிந்துவிடும் என்று உங்கள் டெவலப்பர் சொல்லக்கூடும். டேபிள், பாரா எழுதும் முறை பெரும்பாலும் ஒத்துப்போகும். நிறத்துக்கான கிளாஸ் வேறு: ஐடெக்ஸ்ட் 5-இல் பேஸ்கலர், இங்கே ஜாவாவின் சொந்த கலர் கிளாஸ். பழைய ஐடெக்ஸ்ட் ஜார் கிளாஸ்பாத்தில் (நிரல் லைப்ரரிகளைத் தேடும் இடம்) தங்கிவிடாமல் பாருங்கள். இன்னொரு லைப்ரரி அதை மறைமுகமாக இழுத்து வரலாம். லைப்ரரிகளைச் சேர்த்து மென்பொருளைத் தொகுக்கும் மேவன் கருவியின் டிபென்டன்சி ட்ரீ கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டில் 'ஐடெக்ஸ்ட்' என்று தேடுங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தமிழில் பில் போடும் கடைகள் உங்களிடம் இருந்தால் சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள். 'கொள்முதல்', 'மொத்தம்', 'ரொக்கம்', 'கையிருப்பு' ஆகிய நான்கு சொற்களை அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகளைக் கோர்க்கும் வசதி இல்லாதபோது ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் விழும். ஓப்பன்பிடிஎஃபில் இதற்கு அப்பாச்சி ஃபாப் லைப்ரரியும் உடன் இருக்க வேண்டும். அது சோர்ஸ் கேட்காத அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைப்பதால் தொந்தரவில்லை. எழுத்துரு கோப்பையும் பாருங்கள். விண்டோஸுடன் வரும் லதா எழுத்துருவை நகலெடுத்து இன்ஸ்டாலரில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் வாங்கியதால் அதைப் பிறருக்கு விநியோகிக்கும் உரிமை வந்துவிடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கிறது. தனியாக விற்காமல் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், உரிமக் கோப்பை உடன் வைக்க வேண்டும்.

மற்றவை

மைசீக்வெல் கனெக்டர் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அதனுடன் வரும் விதிவிலக்கு மற்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குத்தான், உங்களுக்கு உதவாது. மரியாடிபி கனெக்டர் எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது, மைசீக்வெல் சர்வருடனும் பேசும். இணைப்பு முகவரியின் தொடக்கத்தை மாற்றி, தேதி, தசம எண் வரும் இடங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். தரவுத்தள சர்வர் தனி நிரல். உங்கள் மென்பொருள் அதனுடன் இணைப்பு வழியே பேசுவதால் ஜிபிஎல் உங்கள் கோடுக்குள் வராது. ஆனால் அந்த சர்வரை உங்கள் பென்டிரைவிலேயே வைத்துக் கொடுத்தால், அதன் சோர்ஸையும் உடன் வையுங்கள். அல்லது குறைந்தது மூன்று ஆண்டுக்குச் செல்லும் எழுத்துபூர்வ வாக்குறுதி கொடுங்கள்.

எல்ஜிபிஎல் லைப்ரரிகளில் பலர் தவறுவது இரண்டு இடங்களில். எல்லா ஜார்களையும் ஒரே பெரிய ஜாராகக் கலந்து, ப்ரோகார்டு என்ற கருவியால் கோடைப் படிக்க முடியாதபடி குழப்பிவிடுகிறார்கள். பிறகு வாங்கியவர் அந்த லைப்ரரியின் புதிய பதிப்பை மாற்றி வைக்க முடியாது. மரியாடிபி கனெக்டரைத் தனி ஜாராகவே லிப் ஃபோல்டரில் விடுங்கள். மற்றொன்று உங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தம். 'ரிவர்ஸ் இன்ஜினியரிங் முற்றிலும் தடை' என்ற வரி அதில் இருக்கும், எல்லோரும் எங்கிருந்தோ எடுத்துப் போடும் வரி அது. எல்ஜிபிஎல் 2.1-இன் 6-ஆம் பிரிவு, லைப்ரரியில் செய்த மாற்றத்தைச் சரிபார்க்கும் அளவுக்கு அதை அனுமதிக்கச் சொல்கிறது. 'எல்ஜிபிஎல் கூறுகளைப் பொறுத்தவரை அந்த உரிமம் அனுமதிக்கும் அளவு நீங்கலாக' என்று சேர்த்துவிடுங்கள்.

ஸீக்ராஸிங், பிஓஐ இரண்டும் அப்பாச்சி 2.0. தாராளமாக விற்கலாம், சோர்ஸ் தர வேண்டாம். உரிமத்தின் பிரதியும், நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதிலுள்ள வரிகளும் உடன் போக வேண்டும், அவ்வளவுதான். மேவன் ஷேட் பிளகின் பல ஜார்களை இணைக்கும்போது ஒரே பெயருள்ள நோட்டீஸ் கோப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை காணாமல் போகும். அதற்கென அந்தப் பிளகினிலேயே உள்ள அப்பாச்சி நோட்டீஸ் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகத் தொகுக்கப்படும்.

தொகையை எழுத்தால் எழுதும் அந்த ஃபங்ஷனில் உரிமக் கோப்பே இல்லை என்கிறீர்கள். அதனால் சுதந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். உரிமம் எழுதப்படாத கோடுக்கு யாரும் அனுமதி தரவில்லை என்றே பொருள். கிட்ஹப்பில் பொதுவில் இருப்பது படிக்கத்தான். உங்கள் ஆறு பேரில் அந்தக் கோடைப் பார்க்காத ஒருவரிடம் "லட்சம், கோடி முறையில், பைசாவுடன்" என்று தேவையை மட்டும் சொல்லிப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

ஃப்ரீலான்சர் எழுதிய பகுதி

கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இதுவும் ஐடெக்ஸ்ட் அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் பணியின் போக்கில் எழுதும் கோடுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17(சி) பிரிவின்படி நிறுவனம்தான் முதல் உரிமையாளர். ஃப்ரீலான்சருக்கு அது பொருந்தாது. பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் பதிப்புரிமை கைமாறிவிடாது. 19-ஆம் பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. அவர் மீண்டும் கிடைத்து எழுதி வாங்குவதானால் 'உலகம் முழுவதும்', 'பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்' என்ற சொற்கள் இருக்கட்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற 19(4) பொருந்தாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கிடைக்கவே இல்லை என்றால், பிடிஎஃப் பகுதியை எப்படியும் ஓப்பன்பிடிஎஃபுக்கு மாற்றத்தானே போகிறீர்கள்? பழைய கோடைத் திருத்தாமல், உங்கள் ஊழியரையே முதலிலிருந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு சிக்கலும் ஒரே வேலையில் தீரும்.

ஏற்கெனவே விற்ற 140 பிரதிகள்

உங்கள் கடைக்காரர்களை இது நேராகத் தாக்காது. உங்கள் உரிமை ரத்தானாலும், உங்களிடம் பெற்றவர்களின் உரிமம் ரத்தாகாது என்று ஏஜிபிஎல் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு உங்களுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மீறலை முழுவதும் நிறுத்திய பின் 60 நாட்களுக்குள் உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பாவிட்டால் உங்கள் உரிமம் நிரந்தரமாக மீண்டுவிடும். முதல்முறையாக நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் சரிசெய்தாலும் மீளும். உரிமம் மீள்வது வேறு, பழைய மீறலுக்கான நஷ்டஈடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் தானாகவே திருத்திக்கொண்டவர் என்ற நிலை எந்தப் பேச்சுவார்த்தையிலும் எடை உள்ளது.

எனவே புதிய பதிப்பை 140 பேருக்கும் இலவசமாக அனுப்புங்கள். அப்டேட் செய்யும்போதே பழைய ஜார் கோப்பு அழிய வேண்டும். எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில், எந்தப் பதிப்பு என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய தேதியை நிரூபிக்க அதுதான் கையில் இருக்கும் சான்று.

ஏற்றுமதி நிறுவனத்தின் தாள்

"ஓப்பன் சோர்ஸ் எதுவும் இல்லை" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய் என்று தெரிந்தே எழுதிக்கொடுத்தால் ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 17-ஆம் பிரிவில் அது மோசடி. தவிர, அந்த வரியை ஜாவா மென்பொருள் எதற்கும் நேர்மையாக எழுத முடியாது. ஜாவா நிரலை ஓட்ட நீங்கள் உடன் வைக்கும் ஓப்பன்ஜேடிகே ரன்டைமே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. கிளாஸ்பாத் விதிவிலக்கு இருப்பதால்தான் உங்கள் கோடை அது தொடுவதில்லை. கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரு மாதிரிப் படிவத்தைத்தான் அனுப்பியிருப்பார்கள். மாற்று வாசகம் கொடுத்தால் அவர்களின் சட்டப் பிரிவு உட்கார்ந்து பேசும்.

இப்படி எழுதிக் கேளுங்கள்: "இணைப்பு 'அ'வில் பட்டியலிட்ட கூறுகள் தவிர வெளியார் கோட் எதுவும் இதில் இல்லை. அவற்றின் உரிம நிபந்தனைகள் பின்பற்றப்பட்டுள்ளன. வாங்குபவரின் சொந்த மென்பொருளையோ தரவையோ வெளியிடக் கட்டாயப்படுத்தும் உரிமம் எதுவும் இதில் இல்லை." பட்டியலில் ஒவ்வொரு கூறுக்கும் பெயர், பதிப்பு எண், உரிமம், மாற்றினோமா இல்லையா, தனி ஜாரா உள்ளே கலந்ததா என்று ஐந்து கட்டங்கள் போதும். மேவன் லைசென்ஸ் பிளகின் முதல் மூன்றைத் தானே எடுத்துத் தரும். 'உரிமம் தெரியவில்லை' என்று அது காட்டும் வரிகளைக் கையால் திறந்து பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இழப்பு ஏற்கும் பிரிவில் வரம்பில்லாத பொறுப்பை ஏற்க வேண்டாம். கடந்த 12 மாதத்தில் அவர்கள் உங்களுக்குக் கொடுத்த தொகை என்ற மேல்வரம்பு நியாயமானது. உரிமைக் கோரிக்கை வந்தால் முதலில் அந்தக் கூறை மாற்றித் தருவது, முடியாவிட்டால் உரிமம் வாங்கித் தருவது, அதுவும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது என்ற வரிசையை எழுதிவிடுங்கள். வழக்கை நடத்தும் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் விட்டுக்கொடுக்கும் சமரசத்துக்கு நீங்கள் பணம் கட்டும் நிலை வரக் கூடாது. இந்தத் தாளில் கையெழுத்திடுவது புதிய பதிப்பு தயாராகி, பட்டியல் அந்தப் பதிப்போடு பொருந்திய பிறகுதான். அதற்குக் கூடுதல் அவகாசம் வேண்டுமானால் இன்றே மின்னஞ்சலில் கேட்டு, காரணம் 'கூறுகளின் உரிமச் சரிபார்ப்பு' என்று உள்ளபடியே எழுதுங்கள்.